சிறிய பயணிகள் விமானத்தில் பறக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கியில் பெரிய விமானம் ஏறும்போது வராத சந்தேகங்கள், போய் இறங்கிய ஊரில் சின்ன விமானத்துக்கு மாறும்போது வந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள், நேப்பாளத்தில் முக்திநாத் தரிசனத்துக்காகப் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் பறக்கிறவர்கள், மாலத்தீவில் கடல் விமானம் ஏறுகிறவர்கள், சரவாக்கில் முலு குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்று சிங்கப்பூர்த் தமிழர்கள் பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சின்ன விமானம்னு எதைச் சொல்றீங்க?

இந்தப் பக்கத்தில் மூன்று வகை. முதல் வகை ஏடிஆர் 72 போன்றவை: 70 முதல் 78 இருக்கை, இரண்டு விமானிகள், இரண்டு பணிப்பெண்கள். 2019 ஏப்ரலில் ஃபயர்ஃபிளை நிறுவனம் சிலேத்தாருக்கும் சுபாங்குக்கும் இடையே மீண்டும் சேவை தொடங்கியது இந்த ரக விமானத்தில்தான். இரண்டாம் வகை ட்வின் ஆட்டர் போன்ற 19 இருக்கை விமானங்கள். மூன்றாம் வகை ஒரே இன்ஜின் கொண்ட செஸ்னா கேரவன்.

19 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதற்கு மேல் இருக்கை இருந்தால்தான் விமானப் பணியாளர் கட்டாயம். 19 அல்லது அதற்குக் கீழே என்றால், உங்களுக்குக் கதவைத் திறந்துவிட யாரும் இல்லாமல் போகலாம். பின்னால் வரும் பல பதில்கள் இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவை.

காத்தாடி வச்ச விமானம்னா ரொம்பப் பழசா?

இல்லை. வெளியே சுழல்வது காத்தாடி என்றாலும் உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருக்கும் அதே டர்பைன் இன்ஜின் குடும்பம்தான். குறுகிய ஓடுபாதையில் இறங்கவும், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கவும் காத்தாடிதான் தோது. ஏடிஆர் 72-600 இன்றும் புதிதாகத் தயாராகும் விமானம். சத்தமும் அதிர்வும் அதிகம் இருக்கும். அது பழுதின் அறிகுறி இல்லை.

பெரிய விமானத்தைவிட ஆபத்து அதிகமா? மழுப்பாம சொல்லுங்க.

நல்ல நிறுவனம் இயக்கும் முதல் வகை விமானத்தில் பயப்பட எதுவும் இல்லை. இரண்டாம், மூன்றாம் வகையில் ஆபத்து கூடுகிறது. விமானம் சின்னது என்பது மட்டும் காரணம் இல்லை. அவை போகும் இடங்கள் அப்படி: மலை இடுக்கு, குட்டை ஓடுபாதை, கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய வழி. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை 9 பயணிகளுக்கு மேல் ஏற்றும் அல்லது 5,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள டர்பைன் விமானங்களுக்கு அனைத்துலக விதி கட்டாயமாக்குகிறது. அதற்குக் கீழே உள்ளவற்றில் அது இல்லாமலும் இருக்கலாம்.

விபத்துகளின் காரணங்களைப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் தைப்பேயில் டிரான்ஸ் ஏஷியா ஏடிஆர் விழுந்தது, ஒரு இன்ஜின் செயலிழந்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இன்ஜினை விமானி நிறுத்தியதால்; 43 பேர் இறந்தனர். 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் எத்தி ஏர்லைன்ஸ் ஏடிஆர் விழுந்தது, இறக்கை மடிப்பை (ஃபிளாப்) இறக்கும் நெம்புகோலுக்குப் பதில் காத்தாடிகளைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் தவறுதலாக இழுக்கப்பட்டதால். இருந்த 72 பேரும் போனார்கள். இரண்டும் பறக்கக்கூடிய நிலையில் இருந்த விமானங்கள். ஆகவே விமானத்தின் ரகத்தைவிட, அதை இயக்கும் நிறுவனம் விமானிகளை எப்படிப் பயிற்றுவிக்கிறது என்பதில்தான் உங்கள் உயிர் இருக்கிறது.

நல்ல நிறுவனம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், டிக்கெட்டில் ‘இயக்குபவர்’ என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். விற்றவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவராக இருப்பது சாதாரணம். அந்தப் பெயரை ஐயோசா (அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பாதுகாப்புத் தணிக்கை) பட்டியலிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலிலும் தேடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நேப்பாள நிறுவனங்கள் அனைத்தும் 2013 டிசம்பரில் ஐரோப்பியத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தோனேசிய நிறுவனங்கள் மீதிருந்த தடை 2018 ஜூனில் முழுமையாக விலக்கப்பட்டது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் நாளில் பாருங்கள்.

தனி வாடகை விமானம் என்றால் ‘விமான இயக்குநர் சான்றிதழ்’ எண்ணைக் கேளுங்கள். “நண்பரோட விமானம், எண்ணெய்ச் செலவை மட்டும் பங்கு போட்டுக்கலாம்” என்று யாராவது அழைத்தால், அது வணிக விமானம் ஆகாது. பராமரிப்பு விதியும் விமானியின் பணி நேர விதியும் அதற்கு வேறு. காப்பீடும் பெரும்பாலும் செல்லாது.

கவுண்டர்ல பெட்டியோட சேர்த்து என்னையும் எடை போடுறாங்க. கூச்சமா இருக்கு, குறைச்சுச் சொன்னா என்ன?

குறைத்துச் சொல்லாதீர்கள். முந்நூறு பேர் ஏறும் விமானத்தில் சராசரி எடை வைத்துக் கணக்கு போட்டாலும் கூடுதல் குறைச்சல் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 19 பேரில் அது நடக்காது. ஆளுக்கு 5 கிலோ குறைத்துச் சொன்னால் 95 கிலோ கணக்கில் வராமல் போகிறது. அதாவது, பட்டியலில் இல்லாத ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ட்வின் ஆட்டர் கிளம்பும்போது எல்லாம் சேர்த்து 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானம், எரிபொருள், விமானிகள் போக மிஞ்சுவதில்தான் நீங்களும் பெட்டியும்.

மொத்த எடையைவிடப் பெரிய பிரச்சினை, எடை எங்கே இருக்கிறது என்பது. பின்புறம் கனத்தால் மூக்கு தானாக மேலே தூக்கும், அதை அமுக்கிப் பிடிக்க வால் இறக்கைக்குச் சக்தி போதாது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட்டின் 19 இருக்கை பீச்கிராஃப்ட் கிளம்பியவுடன் இப்படித்தான் மூக்கைத் தூக்கி விழுந்தது. 21 பேர் இறந்தனர். வால் இறக்கைக் கம்பியைப் பராமரிப்பில் தவறாகச் சீரமைத்திருந்தார்கள். அதோடு சராசரி எடைக் கணக்கும் உண்மைக்குக் குறைவாக இருந்ததால் பின்பாரம் எல்லை மீறியிருந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் சராசரிப் பயணி எடையை உயர்த்தினார்கள்.

தராசில் ஏறும்போது காலணி, ஜாக்கெட், தோள்பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். சாங்கியிலிருந்து 30 கிலோ கொண்டுவர அனுமதித்த டிக்கெட் அடுத்த சின்ன விமானத்துக்குப் பொருந்தாது. மலை விமானங்களில் பாதிகூட அனுமதி இருக்காது. மிச்சத்தைத் தங்கும் விடுதியில் விட்டுச் செல்லுங்கள். கூடுதல் பணம் கட்டினாலும் எடை எடைதான். “சார், கொஞ்சம் பாத்து” என்று ஊழியரிடம் கெஞ்சுவது உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்வது.

பாதி சீட் காலியா இருக்கு. ஜன்னல் பக்கம் மாறிக்கலாமா?

கேட்டுவிட்டு மாறுங்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. ஏடிஆரில்கூட ஆள் குறைவாக இருக்கும் நாளில் யார் எந்த வரிசை என்பது கணக்கோடு போட்டது. வானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரு பக்க ஜன்னலுக்குப் போய் மலையைப் படம் எடுப்பதும் கூடாது.

கைப்பையை விமான வாசல்ல வாங்கிக் கீழே போட்டுட்டாங்க. பரவாயில்லையா?

பையைக் கொடுக்கும் முன் பவர் பேங்கை வெளியே எடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. சின்ன விமானங்களில் தலைக்கு மேல் உள்ள அறை குறுகலானது. சாங்கியில் கைப்பையாக ஏற்றுக்கொண்ட சக்கரப் பெட்டி அதில் நுழையாது. வாசலில் வாங்கி சரக்கறையில் போடுவார்கள். சரக்கறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் யாராலும் எட்டி அணைக்க முடியாது. பெட்டியின் மேல் பையிலேயே பவர் பேங்கை வைத்துக்கொள்ளுங்கள், பத்து விநாடியில் எடுத்துவிடலாம். உதிரி கேமரா பேட்டரிக்கும் இதே விதி.

அளவு: 100 வாட் மணி வரை தடையில்லை, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. மில்லி ஆம்பியர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 20,000 என்று அச்சிட்டிருந்தால் 74. அனுமதி கேட்காமல் கொண்டுபோக 27,000 தான் எல்லை. எண் அழிந்துபோன பவர் பேங்கைப் பறிமுதல் செய்யலாம். சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை விதித்திருக்கின்றன. சின்ன விமானத்தில் யாரும் தடுக்காவிட்டாலும் அதையே பின்பற்றுங்கள்.

தரையில நடந்தே போய் ஏறணுமாம். எதைக் கவனிக்கணும்?

காத்தாடியை. முழு வேகத்தில் சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஊழியர் காட்டும் கோட்டை விட்டு விலகாதீர்கள், இறக்கைக்கு அடியில் குறுக்கே போகாதீர்கள், தொப்பி பறந்தால் துரத்தாதீர்கள். குழந்தையின் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது. ஏடிஆரில் பின்பக்க இடது கதவு வழியாக ஏறுவதால் வால் பக்கமே நடை. கேரவனில் காத்தாடி மூக்கில் இருக்கிறது, அங்கும் வால் பக்கமிருந்தே போக வேண்டும்.

பெல்ட் போடத் தெரியாதா என்ன?

போடத் தெரியும். கழற்றுவதில்தான் தடுமாற்றம். பதற்றத்தில் கை தானாகக் காரில் செய்வதைச் செய்யும்: பொத்தானைத் தேடி அழுத்தும். விமான பெல்ட்டில் பொத்தான் கிடையாது, உலோக மடலைத் தூக்க வேண்டும். கேரவன் போன்றவற்றில் தோள்பட்டையும் சேர்ந்த பெல்ட் இருக்கலாம், சிலவற்றில் நடுவிலுள்ள வட்டத்தைத் திருக வேண்டும். உட்கார்ந்ததும் மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், கடைசி முறை கண்ணை மூடிக்கொண்டு.

பெல்ட் வயிற்றில் இருக்கக் கூடாது. இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக, இறுக்கமாக. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. புடவை கட்டியிருந்தால் கொசுவம் மடிந்து திரளும் இடத்துக்கு மேல் பெல்ட் ஏறிவிடும். கொசுவத்தைச் சற்றுத் தட்டையாக்கி அதற்குக் கீழே இழுத்துப் பூட்டுங்கள்.

பயணம் முழுவதும் கழற்றாதீர்கள். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ 321-இல் ஒருவர் இறந்ததும் பலர் காயமடைந்ததும் நமக்குத் தெரியும். 0.6 விநாடிக்குள் ஈர்ப்பு விசை தலைகீழாக மாறியதில் பெல்ட் போடாதவர்கள் மேலே வீசப்பட்டார்கள் என்று விசாரணை அமைப்பு சொன்னது. அது பிரம்மாண்டமான 777. மலைக் காற்றில் 19 இருக்கை விமானம் அதைவிட எளிதாக ஆடும்.

உடுப்புல ஏதாவது பாக்கணுமா?

பருத்தி உடுத்துங்கள். நைலான், பாலியெஸ்டர் புடவைகள் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். மிதியடி வேண்டாம், பின்பட்டி உள்ள தட்டையான காலணி போடுங்கள்.

ஒன்றரை வயசுக் குழந்தையை மடியில வச்சுக்கலாம்தானே?

அனுமதி உண்டு, ஆனால் பாதுகாப்பு குறைவு. பத்து கிலோ குழந்தை, பத்து மடங்கு விசையில் நூறு கிலோவாகிறது. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். உங்கள் உடல் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் குழந்தைப் பெல்ட்டையும் குழந்தைக்கான உயிர்காப்புச் சட்டையையும் ஏறியவுடனே கேட்டு வாங்குங்கள்.

வசதியிருந்தால் தனி இருக்கை எடுங்கள். 10 முதல் 20 கிலோ வரையுள்ள குழந்தைக்கு இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டும் ‘கேர்ஸ்’ என்ற பட்டை இருக்கிறது. இருக்கை அமைப்பு ஒத்துவருமா என்று நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள்.

அவசரம்னா எந்த வழியா வெளியேறணும்? சறுக்கு இருக்குமா?

சறுக்கு இருக்காது. கதவின் அடி தரையிலிருந்து ஆறு அடிக்குள் இருப்பதால் தேவையில்லை. விளிம்பில் உட்கார்ந்து குதித்தால் போதும்.

ஏடிஆரில் நாலு வழிகள்: பின்னால் இடமும் வலமும் கதவு, முன்னால் இரு பக்கமும் அவசர வழி. பின்னால் ஏறியதால் எல்லோரும் பின்னாலேயே ஓடுவார்கள். உங்கள் இருக்கையிலிருந்து முன்னும் பின்னும் எத்தனை இருக்கை முதுகுகள் என்று விரலால் தொட்டு எண்ணி வையுங்கள். புகையில் கண் உதவாது. காத்தாடிகள் நடுவில் இருப்பதால், முன்வழியாக இறங்கினால் மூக்குப் பக்கமும் பின்வழியாக இறங்கினால் வால் பக்கமும் போங்கள். பெட்டியைத் தொடாதீர்கள். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹானேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பெட்டிகள் உள்ளேயே எரிந்தன.

44 இருக்கைக்கு மேல் உள்ள விமானங்களை 90 விநாடியில் காலி செய்ய முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும்.  ஆனால் 19 இருக்கை விமானத்தில் பணியாளரே இல்லாமல் இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொன்னோம். ஆகவே கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஏறும்போதே பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

கடல்ல இறங்கினா உயிர்காப்புச் சட்டையை உடனே ஊதிடணுமா?

உள்ளே இருக்கும்போது ஒருபோதும் ஊதாதீர்கள். தலைவழியே மாட்டி, பட்டையை இடுப்பைச் சுற்றி, முந்தானைக்கு மேலாகக் கட்டுங்கள். கதவைத் தாண்டிய பிறகே சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய 767 கோமொரோஸ் தீவருகே கடலில் இறங்கியபோது பலர் உள்ளேயே ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற, சட்டை அவர்களை மேற்கூரையோடு தூக்கி அழுத்தியது, மூழ்கி வாசலுக்கு வர முடியவில்லை.

கடல் விமானம் கவிழ்ந்துட்டா?

மிதவை விமானம் தண்ணீரில் மோதினால் தலைகீழாகப் புரள்வது அடிக்கடி நடப்பது. மோதலில் தப்பியவர்கள் வெளியே வர வழி தெரியாமல் மூழ்குவதுதான் பெரிய இழப்பு. வரிசை முக்கியம். ஒரு கையால் ஜன்னல் சட்டத்தையோ கதவுக்கு அருகிலுள்ள அசையாத ஏதாவது ஒன்றையோ பிடியுங்கள். ஆட்டம் நிற்கும்வரை காத்திருங்கள். பெல்ட் போட்டபடியே மற்றக் கையால் கதவைத் திறங்கள். அதன் பிறகே பெல்ட்டைக் கழற்றி, பிடித்த கையின் திசையில் உடலை இழுத்து வெளியேறுங்கள். பெல்ட்டை முதலில் கழற்றினால் மிதந்து சுழன்று, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் போய்விடும்.

டைவிங் முடிச்ச அன்னிக்கே பறக்கலாமா? தாழ்வாத்தானே போகுது?

கூடாது. 2,000 அடிக்கு மேல் போனாலே கணக்குதான். ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பலமுறை என்றால் 18. பாதுகாப்பாக ஒரு முழு நாள் விடுங்கள்.

ஆக்சிஜன் மாஸ்க் எங்கேன்னு தேடினேன், காணோம். அம்மாவுக்கு 72 வயசு.

25,000 அடிக்கு மேல் போகாத ஏடிஆரில் மேலிருந்து விழும் முகமூடி பொதுவாக இருக்காது, தேவையும் இல்லை. ட்வின் ஆட்டரிலும் கேரவனிலும் உள்ளே காற்றழுத்தமே கூட்டப்படுவதில்லை. சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது கடுமையாக வலிக்கும்.

அம்மாவுக்கு விமானத்தைவிட ஊர்தான் சோதனை. பொக்காரா ஏறக்குறைய 820 மீட்டர் உயரம், ஜோம்சோம் 2,700-க்கு மேல், முக்திநாத் 3,700-க்கு மேல். இருபது நிமிடத்தில் அந்த முதல் ஏற்றம் முடிந்துவிடுகிறது. இதய, நுரையீரல் சிக்கல் இருந்தால் சிங்கப்பூரிலேயே மருத்துவரைப் பாருங்கள். ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிவிட்டு மேலே போங்கள்.

காலை விமானம்தான் நல்லதுன்னு ஏன் எல்லாரும் சொல்றாங்க? ரத்தாயிட்டா என்ன பண்றது?

ஜோம்சோம் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று எழுந்துவிடும், அதனால் சேவை காலையோடு முடிகிறது. நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை. மாலத்தீவுக் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும். இரவில் மாலே சேர்ந்தால் மறுநாள் காலைதான்.

திட்டத்தில் ஒரு உபரி நாள் வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 29 அன்று தாரா ஏர் ட்வின் ஆட்டர் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் வழியில் மேகத்துக்குள் மலையில் மோதி 22 பேர் இறந்தனர். மேகம் பார்த்துத் திரும்பும் விமானிக்கு, இன்று மாலை சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க வேண்டிய பதினைந்து பேர் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு பாரம். அந்தப் பாரத்தை நீங்கள் ஏற்றாதீர்கள்.

மத்த விமானம் போச்சே, எங்க பைலட் மட்டும் ஏன் திரும்பினார்?

அந்த விமானத்தின் எடை, கருவிகள், விமானியின் அனுபவம், புறப்பட்ட நிமிடம் எல்லாம் வேறு. மேகம் பத்து நிமிடத்தில் வழியை மூடும். திரும்பியவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஒரே இன்ஜின். அது நின்னா விழுந்துடுமா?

விழாது, சறுக்கி இறங்கும். ஒற்றை இன்ஜின் விமானம் காற்றில் நிற்க முடியாமல் போகும் வேகம் 61 நாட், அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியின்படிதான் கேரவன் வடிவமைக்கப்பட்டது. மெதுவாக இறங்குவதால் வயலிலும் பிழைக்க வாய்ப்புண்டு. கீழே காடும் மலையும் மட்டும் என்றால், அல்லது கரையிலிருந்து வெகுதூரம் கடல் என்றால், இரண்டு இன்ஜின் விமானத்தையோ படகையோ தேர்ந்தெடுங்கள்.

பயணக் காப்பீடு இருக்கு, கவலை வேணாம்தானே?

ஒப்பந்தத்தில் ‘கட்டணம் செலுத்திய பயணியாக, உரிமம் பெற்ற வணிக விமானத்தில்’ என்ற வரியைத் தேடுங்கள். மேலே சொன்ன நண்பரின் விமானம் இதில்தான் அடிபடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, மரணத்துக்கும் காயத்துக்கும் 1,51,880 எஸ்டிஆர் (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு) வரை தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு கோரலாம். சிங்கப்பூரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பதிவாக வாங்கியிருந்தால் உள்நாட்டுச் சிறு விமானமும் அனைத்துலகப் பயணத்தின் பகுதியாகக் கருதப்படும். சின்ன விமானத்துக்குத் தனியே டிக்கெட் வாங்கியிருந்தால் அந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டமே பொருந்தும்.

ஏதோ தப்பாத் தெரியுது, ஆனா சொல்லக் கூச்சமா இருக்கு. சொல்லலாமா?

சொல்லுங்கள். 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் ஏர் ஒன்டாரியோ விமானம் இறக்கையில் பனி படிந்தபடியே கிளம்பி விழுந்தது. 24 பேர் இறந்தனர். பனியைப் பார்த்த பயணிகள் இருந்தார்கள். விடுப்பில் பயணம் செய்த விமானிகளும் அவர்களில் உண்டு. விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பில் தகவல் முன்னால் போகவே இல்லை.

சாதாரணமானவை சில: குளிர்பதனத்திலிருந்து வரும் வெண்புகை, இறக்கை மடிப்பு நகரும் உறுமல், ஏடிஆரின் வலது காத்தாடி நின்றிருக்க இன்ஜின் மட்டும் ஓடுவது. மின்சாரத்துக்காக அதை அப்படி வேண்டுமென்றே ஓடவிடுவார்கள். இவை தவிர, இறக்கையிலிருந்து திரவம் வடிவது, மூடி திறந்திருப்பது, எரியும் வாடை, சரியாகப் பூட்டாத கதவு ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். கதவு மூடும் முன் சொல்வது நல்லது. மூடிய பிறகும் சொல்லலாம். பணியாளர் இல்லையென்றால் விமானியையே கூப்பிடுங்கள். ட்வின் ஆட்டரில் அவர் சில அடி தூரத்தில்தான் இருக்கிறார். என்ன நினைக்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு எதைப் பார்த்தீர்கள், எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்: “இடது இறக்கை, இன்ஜினுக்குப் பின்னால், ஏதோ சொட்டுகிறது. வந்து பார்க்கிறீர்களா?”